குறுந்துடிப்புச் சிதறல்: வெள்ளிக்குள் ஒரு சொல் வேண்டும்

வணக்கம். வெள்ளிக்கிழமை மூன்றாமாண்டு மாணவர்களுக்கு ஆய்வகக் கையேடு கொடுத்தாக வேண்டும். மிகக் குறுகிய ரேடார் துடிப்பை உலோகக் குண்டு போன்ற ஒரு பொருள்மேல் ஏவி, திரும்பி வருவதை அளக்கும் பாடம். துடிப்பு ஒரு நானோநொடி என்றால் அதன் நீளம் காற்றில் 30 செ.மீ. போய்வரும் கணக்கில், 15 செ.மீ. முன்பின்னாக இருக்கும் இரண்டு பரப்புகளைப் பிரித்தறியலாம். சுவரில் பட்டு வருவது பிந்தி வரும். நேரத்தைப் பார்த்தே அதை ஒதுக்கிவிடலாம். இதற்குப் 'பொருளின் சிதறல்' என்று எழுதியிருந்தேன். "உலோகக் குண்டு உடைஞ்சிடுமா சார்?" என்று ஒரு மாணவி கேட்டார். என்ன செய்யலாம்?

மறுமொழி:
மாணவி கேட்டது சரிதான் ஐயா. கடுகு சிதறும், கூட்டம் சிதறும். எது சிதறுகிறதோ அதுதான் எழுவாய். இங்கே பொருள் சிதறவில்லை, அலையைச் சிதறச் செய்கிறது. 'தெறிப்பு' என்று வையுங்கள். நீர் தெறிக்கும், வில்லின் நாணைத் தெறிப்போம். தன்வினை, பிறவினை இரண்டுக்கும் இடம் கொடுக்கும் சொல். 'துடிப்பு' என்பதும் எனக்கு ஒப்பவில்லை. நாடி ஓயாமல் துடிப்பது. ஒற்றை வீச்சைத் துடிப்பு என்பதா? நம் இலக்கணத்தார் மாத்திரையை இமையாலும் நொடியாலும் அளந்தார்கள். நொடியை இன்று கடிகாரம் எடுத்துக்கொண்டது, இமை சும்மாதான் இருக்கிறது. 'குற்றிமை' எனலாமே!

மறுமொழி:
யாழ்ப்பாணத்திலிருந்து எழுதுகிறேன். தெறிப்பு வேண்டாம் ஐயா. எங்கள் விஞ்ஞானப் பாடநூல்களில் கண்ணாடியில் ஒளி பட்டுத் திரும்புவதுதான் தெறிப்பு. நீங்கள் எதிரொளிப்பு என்பது. இந்தப் பாடத்துக்கு இரண்டு சொல்லுமே தேவை. 15 செ.மீ. ஆரையுள்ள (உங்கள் வழக்கில் ஆரம்) உலோகக் கோளத்தை எடுங்கள். முன்பக்கத்தில் பட்டு முதலில் வருவது தெறிப்பு. ஏறத்தாழ 2.6 நானோநொடி கழித்து இன்னொன்று, மெலிந்து வரும். அது கோளத்தின் பின்பக்கத்தை ஊர்ந்து சுற்றி வந்த அலை, தெறிப்பே இல்லை. இரண்டையும் சேர்த்துத்தான் சிதறல். நீண்ட துடிப்பில் ஒன்றன்மேல் ஒன்று விழுந்து கிடந்தவை குறுந்துடிப்பில் தனித்தனியே தெரிகின்றன. அந்த அழகைப் பிள்ளைகள் காண வேண்டாமா? பின்பக்கத்து அலைக்கு 'ஊரலை' என்று வினைத்தொகையாகவே பெயர் வைக்கலாம்.

மறுமொழி:
ஊரலையை அப்படியே எடுத்துக்கொள்கிறேன், நன்றி. 'பொருளின் சிதறல்' என்பதைப் 'பொருளால் நிகழும் அலைச்சிதறல்' என்று மாற்றினால் குண்டு உடையாது. 'குற்றிமை'யைப் பார்த்தால் மாணவர்கள் குற்றியலுகரத்தைத் தேடுவார்கள். குறுந்தொகை தெரிந்தவர்களுக்குக் குறுந்துடிப்பு சட்டென்று புரியும். இன்னும் இரண்டு பேர் தனிமடலில் இதையே சொன்னார்கள். அப்புறம், இனி மாற்ற நேரமும் இல்லை.

மறுமொழி:
சிதறலுக்கு ஒத்துக்கொள்கிறேன். ஆனால் ஒரே ஒரு தடவை அடித்து ஓய்வதைத் துடிப்பு என்று என்னால் எழுத முடியாது. என் குறிப்புகளில் இமை என்றே இருக்கும்.