மறு: இன் சிட்டு ஹைபிரிடைசேஷன், தமிழில் என்ன?

வணக்கம். ஒரு மரபணு செல்லுக்குள் எங்கே இருக்கிறது என்று, அது இருக்கும் இடத்திலேயே வைத்துப் பார்க்கும் சோதனைதான் இன் சிட்டு ஹைபிரிடைசேஷன். அதற்குத் தமிழ்ச் சொல் கேட்டிருந்தீர்கள்.

> ஹைபிரிட் என்றால் கலப்பினம்தானே, 'உள்ளிடக் கலப்பினமாக்கல்' என்றே வைத்துவிடலாமே

வேண்டாம். கலப்பினம் என்றதும் இரண்டு ரகத்தைச் சேர்த்து மூன்றாவது ஒன்றை உண்டாக்குவதுதான் நினைவுக்கு வரும். இங்கே எந்த இனமும் கலப்பதில்லை. நாம் தேடும் டிஎன்ஏ வரிசைக்குப் பொருந்துகிற ஒற்றைப் புரி (ஸ்ட்ராண்ட்) ஒன்றை வெளியிலிருந்து விடுகிறோம், அது தன் ஜோடியைக் கண்டுபிடித்து ஒட்டிக்கொள்கிறது, அவ்வளவுதான். எனவே 'புரியிணைவு'. கயிற்றுக்கு வழங்கும் புரியேதான். இழையிணைவு என்று முதலில் யோசித்தேன், ஆனால் இலங்கைப் பாடநூல்களில் இழையம் என்றால் திசு. திசுவுக்குள் செய்யும் சோதனைக்கு அந்தப் பெயர் குழப்பும்.

'உள்ளிடம்' என்பதும் போதாது. செல்லை அரைத்து டிஎன்ஏவைப் பிரித்தெடுத்தாலும் மரபணு இருக்கிறதா என்று பார்க்கலாம், ஆனால் எந்தச் செல்லில், எந்தக் குரோமோசோமில், அதன் எந்தப் பகுதியில் என்பதெல்லாம் போய்விடும். 1969இல் உயிரியலாளர்கள் ஜோசப் காலும் மேரி லூ பார்டியூவும் தவளையின் முட்டைச் செல்களில் கதிரியக்கம் ஏற்றிய புரியை வைத்துச் செய்ததன் சிறப்பே, இடம் கலையாமல் பார்த்ததுதான். அதனால் 'தன்னிடப் புரியிணைவு' என்கிறேன். தன்னிடம் என்பது "தன்னிடம் கேட்டான்" மாதிரி ஒலிக்கிறதே என்பீர்கள். தொகையாக வரும்போது அந்தத் தொல்லை இல்லை.

புரியில் ஒளிரும் சாயம் ஏற்றிச் செய்யும் வகைக்கு ஃபிஷ் (FISH) என்று பெயர், அதற்கு இந்தச் சொல்லின் முன்னால் 'ஒளிர்' சேர்த்தால் போதும். 21ஆம் குரோமோசோமுக்கான புரி ஒரே உட்கருவில் மூன்று புள்ளியாக ஒளிர்ந்தால் டவுன் நோய்க்குறியைச் சந்தேகிக்கிறார்கள், மார்பகப் புற்றில் ஹெர்2 மரபணு பெருகியிருக்கிறதா என்றும் புள்ளிகளை எண்ணித்தான் சொல்கிறார்கள்.

வெளியிலிருந்து விடும் அந்தப் புரிக்கு, அதாவது புரோபுக்குத் 'தேடுபுரி'. 'துருவி' என்று எழுதுபவர்களும் உண்டு, எனக்கு அது தேங்காயோடு போய்விடுகிறது.

மாட்டிக்கொண்டு நிற்பது ஒரு இடத்தில்தான். ஃபார்மமைடு என்ற வேதிப்பொருள் கலந்த கரைசலில் 70 பாகைக்கு மேல் சூடாக்கி இரட்டைப் புரியைப் பிரிக்கிறோம், அப்புறம் 37 பாகையில் இரவு முழுக்க விட்டால் தேடுபுரி போய்ச் சேர்ந்துவிடும். சரி. ஆனால் அரைகுறையாகப் பொருந்தியவையும் கூடவே ஒட்டியிருக்கும், உப்பைக் குறைத்துச் சூட்டை ஏற்றிக் கழுவினால்தான் அவை கழன்று போகும். கழுவுவதில் காட்டும் இந்தக் கண்டிப்புக்கு, அதாவது ஸ்ட்ரிஞ்சென்சிக்கு, என்ன சொல்வது? 'கழுவு கடுமை' என்று எழுதிப் பார்த்தேன், சோப்பு விளம்பரம் போல இருக்கிறது. யாரிடமாவது நல்ல சொல் இருந்தால் போடுங்கள்.