ஜெனரேட்டர் சத்தம்: போனுக்குப் போன் வேறு டெசிபல், எதை நம்புவது?

வடபழனி_3வதுமாடி:
கரண்ட் போனதும் பக்கத்து அபார்ட்மென்ட் ஜெனரேட்டர் ஓட ஆரம்பிக்கிறது. பால்கனியில் ஒரு போன் ஆப் 61 காட்டுகிறது, இன்னொன்று 68. எண் என்னவோ, படுக்கையறையில் 'உம்ம்' என்ற முழக்கம்தான் தாங்கவில்லை. முறையாக அளப்பது எப்படி?

ஒலிமானி:
போன் மைக் பேச்சுக்காகச் செய்தது. தாழ்ந்த ஒலியைப் பெரும்பாலும் வெட்டிவிடும். சத்தம் ஏறினால் தானாகவே குறைத்தும் பதியும். 7 டெசிபல் வித்தியாசம் வருவது சகஜம்.

கிளாஸ் 2 (துல்லியத் தரம்) ஒலி அளவு மீட்டரும், அதைச் சரிபார்க்கும் காலிப்ரேட்டரும் வாடகைக்கு எடுங்கள். காலிப்ரேட்டரை மைக்கில் மாட்டினால் 1000 ஹெர்ட்ஸில் 94 டெசிபல் வர வேண்டும், அதாவது 1 பாஸ்கல் அழுத்தம். அளப்பதற்கு முன்னும் பின்னும் இதைப் பாருங்கள். மைக்குக்குப் பஞ்சு உறை கட்டாயம், இல்லாவிட்டால் காற்றைத்தான் அளப்பீர்கள். சுவரை ஒட்டி வைத்தால் எதிரொலிப்பு சேர்ந்து அளவு ஏறிவிடும்.

தாவும் எண்ணை எழுதாமல் 'எல்ஈக்யூ' எனும் ஆற்றல் சராசரியை எடுங்கள். 2000ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகள் குடியிருப்புப் பகுதிக்குச் சொல்லும் பகல் 55, இரவு (10 முதல் 6 வரை) 45 இரண்டும் ஏ வடிகட்டியில் (காதைப் போலத் தாழ்ந்த ஒலியைக் குறைத்துக் கணக்கிடும் மீட்டர் அமைப்பு) எடுத்த சராசரிதான்.

டெசிபல்கணக்கு:
ஆற்காடு சாலை இரைச்சலையும் கழிக்க வேண்டும் சார். ஜெனரேட்டர் ஓடும்போது 62, நின்றபின் 58 என்றால் ஜெனரேட்டரின் பங்கு 4 அல்ல, ஏறத்தாழ 60. டெசிபலை நேராகக் கழிக்கக் கூடாது; செறிவாக (ஒலியின் ஆற்றல் அளவாக) மாற்றிக் கழித்து, மறுபடி டெசிபல் ஆக்க வேண்டும். வித்தியாசம் 3க்குக் கீழே போனால் அந்த அளவை விட்டுவிடுங்கள், போக்குவரத்து அடங்கிய நேரத்தில் திரும்ப எடுங்கள். 10க்கு மேல் இருந்தால் கழிக்கத் தேவையே இல்லை.

ஒலிமானி:
அந்த 'உம்ம்' தான் முக்கியம். 1500 ஆர்பிஎம்மில் ஓடும் நான்கு சிலிண்டர் இன்ஜின் நொடிக்கு 50 முறை வெடிக்கும். அதனால் 50 ஹெர்ட்ஸ். ஏ வடிகட்டி அங்கே 30 டெசிபலைக் கழித்துவிடும், சி வடிகட்டி 1 சொச்சம்தான். ஜன்னலை மூடி, தலையணை இருக்கும் இடத்தில் இரண்டிலும் அளங்கள். சி அளவு ஏ அளவைவிட 20க்கு மேல் கூடுதலாக இருந்தால் தொல்லை தாழ்ந்த ஒலியால்தான். அறை மூலையில் அளக்காதீர்கள், அங்கே இது குவியும்.

வடபழனி_3வதுமாடி:
3 டெசிபல் கூடினால் சத்தம் இரட்டிப்பா?

டெசிபல்கணக்கு:
செறிவு இரட்டிப்பாக 3, அழுத்த வீச்சு இரட்டிப்பாக 6, காதுக்கு உரப்பு இரட்டிப்பாகத் தோன்றச் சுமார் 10. இந்தப் பத்து 1000 ஹெர்ட்ஸ் பக்கத்துக் கணக்கு. 50 ஹெர்ட்ஸில் அதைவிடக் குறைந்த ஏற்றமே இரட்டிப்பாகக் கேட்கும். அதனால் 5 டெசிபல் குறைத்தாலும் படுக்கையறையில் நன்றாகவே தெரியும்.