ஜெர்சியிலிருந்து டல்லாஸ்: சொத்து வரி, ஸ்கூல், அப்புறம் அந்தக் கடிதம்

2021 செப்டம்பரில் நியூ ஜெர்சியின் எடிசனை விட்டு டெக்சாஸில் டல்லாஸுக்கு வடக்கே குடிவந்தோம். இந்த வாரம் மட்டும் மூன்று பேர் போன் போட்டு "அந்தப் பக்கம் வரலாமா, டாக்ஸ் எப்படி, ஸ்கூல் எப்படி" என்று கேட்டுவிட்டார்கள். ஒவ்வொருவரிடமும் அரை மணி நேரம் புலம்புவதற்கு இங்கேயே எழுதிவிடுகிறேன். உங்களுக்கு நடந்ததையும் கீழே எழுதுங்கள்.

எடிசனில் ஒன்பது வருஷம் வாடகை. வீடு பார்க்கப் போனால் 1960களில் கட்டின வீட்டைக் காட்டுவார்கள், அதற்கு வருஷம் 11,000, 12,000 டாலர் சொத்து வரி, மாநில வருமான வரி தனி. டெக்சாஸில் மாநில வருமான வரியே கிடையாது என்றதும் என் மனக்கணக்கு அங்கேயே முடிந்துவிட்டது. சம்பளத்தில் எவ்வளவு மிஞ்சும் என்று கூட்டிப் பார்த்தேனே தவிர, அந்தக் காசை வேறு எந்த வாசல் வழியாக வாங்குவார்கள் என்று யோசிக்கவில்லை. மகள் அப்போது எட்டாம் வகுப்பு, மகன் மூன்றாவது. மனைவி போட்ட ஒரே நிபந்தனை ஸ்கூல். ஸ்கூலின் ரேட்டிங் பத்துக்குக் குறைந்தது ஒன்பது இருக்க வேண்டும், இல்லாவிட்டால் அந்த வீட்டின் போட்டோவைக்கூடப் பார்க்க மாட்டாள்.

பில்டர் ஆபீஸில் ஒரு தாளைக் கொடுத்தார்கள். அசல், வட்டி, இன்சூரன்ஸ், கடைசியாக, சொத்து வரிக்காக எஸ்க்ரோவில் (வரி கட்டுவதற்காகக் கடன் கொடுத்த கம்பெனி மாதாமாதம் நம்மிடம் வாங்கிச் சேர்த்து வைக்கும் கணக்கு) மாதம் 200 டாலர். கூட்டுத்தொகையைச் சுற்றி அங்கிருந்த பெண் பேனாவால் வட்டம் போட்டார். அந்த 200 எப்படி வந்தது என்று நான் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

டெக்சாஸில் ஜனவரி 1 அன்று அந்த இடம் எந்த நிலையில் இருந்ததோ அதற்குத்தான் அந்த வருஷ வரி. 2021 ஜனவரி 1 அன்று எங்கள் வீடு வெறும் மண். அந்த மண்ணுக்கு 110,000 மதிப்பு, 2.2 சதவீதம், வருஷத்துக்கு இரண்டாயிரத்துச் சொச்சம். அதைத்தான் பன்னிரண்டால் வகுத்து 200 என்று போட்டிருக்கிறார்கள். அடுத்த ஜனவரியில் அதே மண்ணின் மேல் வீடு நிற்கிறது, மதிப்பு 590,000. ஏப்ரலில் அந்த மதிப்பைச் சொல்லும் நோட்டீஸ் தபாலில் வந்தபோது, பரவாயில்லையே, நம் வீட்டுக்கு நல்ல விலை போட்டிருக்கிறார்களே என்று சந்தோஷப்பட்டு டிராயரில் போட்டேன். சிரிக்காதீர்கள்.

2023, பொங்கல் முடிந்த வாரம். மிச்சமிருந்த சர்க்கரைப் பொங்கலை மைக்ரோவேவில் வைத்துவிட்டு நிற்கிறேன், மனைவி கடன் கொடுத்த கம்பெனியின் கடிதத்தைப் பிரித்தாள். "ஏங்க, இவங்க கமாவை மாத்திப் போட்டுட்டாங்களா?" என்றாள். மாற்றிப் போடவில்லை. வருஷ வரி 12,500. எஸ்க்ரோவில் 9,500 பள்ளம். அந்தப் பள்ளத்தை 12 மாதத்தில் நிரப்ப வேண்டும், கூடவே இந்த வருஷத்து வரிக்கும் சரியான தொகையைச் சேர்க்க வேண்டும். இரண்டும் சேர்ந்து மாதத் தவணை முன்பைவிட 1,600 டாலருக்கு மேல் கூடிவிட்டது. அந்த வருஷம் ஊருக்குப் போக எடுத்து வைத்த பணம் போன இடம் அதுதான்.

வரி விகிதத்தையும் ஊர் பெயரை வைத்து முடிவு கட்டாதீர்கள். எங்கள் பில்லில் கவுன்டி, கல்லூரி, ஸ்கூல் டிஸ்ட்ரிக்ட் (அந்தப் பகுதியின் அரசுப் பள்ளிகளை நடத்தும் அமைப்பு) எல்லாம் தனித்தனியாக வரும், அதற்குக் கீழே தண்ணீர்க் குழாயும் சாக்கடையும் போட வாங்கின கடனுக்காக எம்.யு.டி. என்று ஒன்று. நாலு தெரு தள்ளிப் பழைய காலனியில் அது இல்லை. பில்லில் பெரிய துண்டு ஸ்கூலுக்குத்தான், ஆனால் அது முழுக்க நம் பிள்ளையின் வகுப்பறைக்கே போகிறது என்றும் நினைக்க வேண்டாம். பணக்கார டிஸ்ட்ரிக்ட்டுகளிடமிருந்து ஒரு பங்கை எடுத்து ஏழை டிஸ்ட்ரிக்ட்டுகளுக்குக் கொடுக்கும் ஏற்பாடு 1993லிருந்து இருக்கிறது, ராபின் ஹூட் என்பார்கள். எனக்கு அதில் வருத்தமில்லை. தெரிந்துகொண்டு கட்டலாம், அவ்வளவுதான்.

குடியிருக்கும் வீட்டுக்கு ஹோம்ஸ்டெட் விலக்கு உண்டு, நாமே விண்ணப்பிக்க வேண்டும், இலவசம். "நாங்கள் செய்து தருகிறோம், இவ்வளவு அனுப்புங்கள்" என்று அரசாங்கக் கடிதம் போலவே வரும் தபால்களைக் குப்பையில் போடுங்கள். ஸ்கூல் வரியில் அந்த விலக்கு 2022ல் 40,000 ஆக இருந்தது, 2023 நவம்பர் ஓட்டெடுப்பில் 100,000, 2025ல் 140,000. இப்போது வருகிறவர்களுக்கு எங்களுக்கு விழுந்த அளவு அடி விழாது.

இனி ஸ்கூல். ரேட்டிங் பொய் இல்லை. டீச்சர்கள் நல்லவர்கள், ஆர்க்கெஸ்ட்ரா, ரோபோடிக்ஸ் எல்லாம் இருக்கிறது. ஆனால் வளரும் ஊர், வருஷா வருஷம் புதுக் கட்டடம் திறந்துகொண்டே இருப்பார்கள், திறக்கும்போதெல்லாம் எல்லைக்கோட்டை மாற்றி வரைவார்கள். மகனுக்கு என்று நாங்கள் பார்த்து வைத்த மிடில் ஸ்கூல் கோட்டுக்கு அந்தப் பக்கம் போய்விட்டது. பெரிய விஷயம் மகளுடையது. டெக்சாஸில் 1997 சட்டப்படி, ஹைஸ்கூலில் முதல் 10 சதவீதத்தில் வந்தால் மாநிலப் பல்கலைக்கழகத்தில் இடம் நிச்சயம். ஆஸ்டினில் இருக்கும் டெக்சாஸ் பல்கலைக்கழகத்துக்கு (யு.டி.) மட்டும் அது 6 ஆக இருந்தது, 2026ல் சேர்கிறவர்களுக்கு 5. எங்கள் மகள் அந்த பேட்ச். ரேட்டிங் 9 பார்த்து வந்தவர்கள் நாங்கள் மட்டுமா? அவள் வகுப்பில் பாதிப் பேரின் அப்பா அம்மா அதே கணக்குப் போட்டு வந்தவர்கள்தான். 95 வாங்கிக்கொண்டு வந்து அழுகிற பெண்ணிடம் என்ன சொல்வது? முதல் 10 சதவீதத்துக்குள்கூட அவள் இல்லை. நாற்பது நிமிஷம் தள்ளி, ரேட்டிங் 6 உள்ள ஊரில் இருக்கும் நண்பரின் மகன் இவளோடு ஒரே மாதிரி படிப்பவன்தான், முதல் 5 சதவீதத்தில் இருக்கிறான். அவர் வீட்டு வரி எங்களுடையதில் பாதி.

* * *

எடிசன்வாசி:
நாங்கள் இங்கேயே இருந்துவிட்டோம் அண்ணா. இங்கே வேறு மாதிரி வேடிக்கை. ஒரே ஊர், ஒரே வரி விகிதம், ஹைஸ்கூல் மட்டும் இரண்டு. ஜே.பி. ஸ்டீவன்ஸ் பக்கம் என்றால் அதே அளவு வீட்டுக்கு விலை கூட. நாங்கள் எடிசன் ஹைஸ்கூல் பக்கம் வாங்கினோம், பையன் நன்றாகத்தான் படிக்கிறான். வரி மூன்று மாதத்துக்கு ஒரு தடவை, பிப்ரவரி, மே, ஆகஸ்ட், நவம்பர். எஸ்க்ரோ வேண்டாம் என்று நானே கட்டுகிறேன், வலிக்கிறது ஆனால் திடுக்கிட வைப்பதில்லை. பக்கத்து வீட்டுப் பாட்டிக்கு எண்பது வயது, அவர் பிள்ளைகள் ஸ்கூலை முடித்து முப்பது வருஷமாகிறது, இன்னும் எங்கள் அளவே கட்டுகிறார். பையன் யூனிபார்மில் சாக்கர் விளையாடப் போகும்போது "என் பணம் ஓடுது பார்" என்று சிரிப்பார்.

ஃப்ரீமான்ட் அம்மா:
கலிஃபோர்னியாவில் வாங்கின விலைதான் தலையெழுத்து. 1978ல் வந்த ப்ராப் 13 என்ற சட்டப்படி, வரிக்கான மதிப்பு வருஷத்துக்கு 2 சதவீதத்துக்கு மேல் ஏறாது. எதிர்வீட்டுக்காரர் 1984ல் வாங்கியவர், 4,000 கூடக் கட்டுவதில்லை. நாங்கள் 18,000க்கு மேல். பிள்ளைகள் ஒரே ஸ்கூல், ஒரே பஸ் ஸ்டாப். இதில் இன்னொன்று, வாங்கின சில மாதத்தில் சப்ளிமென்டல் பில் என்று தனியாக ஒன்று வரும், அதை எஸ்க்ரோவில் கட்ட மாட்டார்கள். நான் ஏதோ விளம்பரம் என்று நினைத்து ஃப்ரிட்ஜ் மேலே வைத்துவிட்டேன், அபராதத்தோடு கட்டினோம்.

பிளேனோ முகவரிக்காரன்:
முகவரியை நம்பாதீர்கள் என்பதற்கு நானே சாட்சி. என் வீடு டல்லாஸ் பக்கம் பிளேனோ நகரம், பிள்ளைகள் படிப்பது பக்கத்து ஊரான ஃப்ரிஸ்கோவின் ஸ்கூல் டிஸ்ட்ரிக்ட். அதே போல ஃப்ரிஸ்கோ நகரத்துக்குள்ளேயே லூயிஸ்வில், லிட்டில் எல்ம், ப்ராஸ்பர் டிஸ்ட்ரிக்ட்டில் இருக்கும் தெருக்கள் உண்டு. வீட்டு எண்ணோடு டிஸ்ட்ரிக்ட் சைட்டில் தட்டிப் பாருங்கள், ரியல்ட்டர் (வீட்டு புரோக்கர்) சொன்னார் என்று விட்டுவிடாதீர்கள். சரி, நீங்கள் மதிப்பை எதிர்த்து ப்ரொடெஸ்ட் பண்ணினீர்களா இல்லையா?

* * *

பண்ணினேன், கேளுங்கள். மே 15க்குள் போட வேண்டும். இங்கே விற்ற விலையை வெளியில் சொல்ல வேண்டும் என்ற சட்டம் இல்லாததால், பக்கத்து வீடு எவ்வளவுக்குப் போனது என்று தெரிந்துகொள்ள ஒரு ரியல்ட்டரைக் கெஞ்சித்தான் வாங்க வேண்டும். நாலு வீட்டு விலை, மழை பெய்தால் கொல்லையில் தண்ணீர் நிற்கும் போட்டோ, எல்லாவற்றையும் கலரில் பிரிண்ட் எடுத்து, 2023ல் அரை நாள் லீவு போட்டு மதிப்புப் போடும் ஆபீஸுக்குப் போனேன். 690,000 போட்டிருந்தார்கள், பேசிப் பேசி 668,000க்குக் கொண்டுவந்தேன். எனக்குள் ஒரு வக்கீல் இருந்திருக்கிறான் என்று நினைத்துக்கொண்டேன். அப்புறம் அங்கே என் கேஸைப் பார்த்த அம்மா மானிட்டரை என் பக்கம் திருப்பி இரண்டாவது கட்டத்தைக் காட்டினார். ஹோம்ஸ்டெட் இருப்பதால் போன வருஷ மதிப்புக்கு மேல் 10 சதவீதம்தான் ஏற்ற முடியும், அதாவது 649,000. வரி அதற்குத்தான். 690 ஆனாலும் 668 ஆனாலும் எனக்கு ஒரு டாலர்கூட மாறாது. போயிருக்க வேண்டியது முந்தின வருஷம், அந்த உச்சவரம்பு தொடங்குவதற்கு முன்னால், நான் டிராயரில் போட்ட அந்த நோட்டீஸோடு. அவர் கையெழுத்து வாங்கிக்கொண்டு "கங்கிராஜுலேஷன்ஸ்" என்றார். நானும் தேங்க்யூ சொல்லிவிட்டு வந்தேன்.