‘செர்ரி’ படத்தை என் சித்தப்பாவுக்குக் காட்டலாமா?

வாசல்திண்ணை:
நேற்றிரவு ‘செர்ரி’ (2021) பார்த்தேன். ருஸ்ஸோ சகோதரர்கள் இயக்கம், டாம் ஹாலண்ட் நடிப்பு. ஈராக் போரில் ராணுவ மருத்துவ உதவியாளனாக இருந்தவன் கிளீவ்லாந்துக்குத் திரும்புகிறான். தூக்கமில்லை, பதற்றம். ஆக்ஸிகான்டின் என்ற வலிநிவாரணி மாத்திரையில் தொடங்கி ஹெராயினில் விழுந்து, அந்தச் செலவுக்காக வங்கிகளைக் கொள்ளையடிக்கிறான்.

என் சித்தப்பாவும் ராணுவத்தில் இருந்தவர். அவரை யாரும் தொட்டு எழுப்ப மாட்டோம். கட்டிலின் கால்மாட்டில் தள்ளி நின்றுதான் கூப்பிடுவோம். பல வருடக் குடியை விட்டு இப்போது 14 மாதம் ஆகிறது. “உங்களை மாதிரி இன்னொருத்தர்” என்று இந்தப் படத்தைக் காட்ட ஆசை. ஆனால் அவன் சிறையில் போதையிலிருந்து மீண்டு வரும் ஆண்டுகள் வசனமே இல்லாமல் சில நிமிடங்களில் ஓடிவிடுகின்றன. எனக்கு வேண்டியிருந்தது அந்தப் பகுதிதான். அப்புறம், மாத்திரையிலிருந்து ஹெராயினுக்கு இவ்வளவு சுலபமாகவா போவார்கள்?

இரவுப்பணி:
போதை மீட்பு வார்டில் செவிலியாக இருக்கிறேன். ஆமாம், போவார்கள். ஆக்ஸிகான்டினில் இருக்கும் ஆக்ஸிகோடோன், ஹெராயின் இரண்டும் ஓபியாய்டு வகை, அதாவது அபின் போல வேலை செய்பவை. மூளையில் ஒரே இடத்தில்தான் வேலை செய்கின்றன. ஆக்ஸிகான்டின் 1996இல் சந்தைக்கு வந்தது. 12 மணி நேரத்துக்கு மெதுவாகக் கரைய வேண்டிய மருந்து. நசுக்கினால் மொத்தமும் ஒரே அடியாக ஏறும். 2010இல் எளிதில் நசுக்க முடியாதபடி மாற்றினார்கள். அதற்குள் அடிமையாகியிருந்த பலர், விலை குறைந்த ஹெராயினுக்குத் தாவினார்கள். ஒரு கட்டத்துக்கு மேல் சுகத்துக்காக யாரும் போடுவதில்லை. நிறுத்தினால் வாந்தி, வியர்வை, எலும்பு வலி வந்துவிடக் கூடாதே என்ற பயம்தான்.

சித்தப்பாவுக்குத் திடீரென்று போட்டுக் காட்டாதீர்கள், தயவுசெய்து. ஊசி போடும் காட்சியே சிலருக்குப் பழைய ஏக்கத்தைக் கிளப்பிவிடும். போதைப்பொருள் வேறாக இருந்தாலும் சரி.

பழையரேடியோ:
வியட்நாம் போர் பற்றி நிறைய வாசித்தவன். அங்கே ஹெராயினுக்கு அடிமையான அமெரிக்க வீரர்களில் ஊர் திரும்பிய முதல் ஆண்டில் மறுபடி அடிமையானவர்கள் ஏறத்தாழ 5 சதவீதம்தான் என்று லீ ராபின்ஸ் என்ற ஆய்வாளரின் ஆய்வில் தெரிந்தது. அந்தச் சூழலை விட்டு வந்ததும் பழக்கமும் பெரும்பாலோருக்கு விட்டுப்போனது. செர்ரிக்கு நேர்மாறு, வீட்டுக்கு வந்தபிறகுதான் தொடங்குகிறது. போரின் காயம் கூடவே வந்துவிட்டது. அந்தக் காயத்துக்கு அமெரிக்க மனநல மருத்துவக் கையேட்டில் பிடிஎஸ்டி (அதிர்ச்சிக்குப் பிந்தைய மன அழுத்தக் கோளாறு) என்ற பெயர் கிடைத்ததே 1980இல்தான்.

வாசல்திண்ணை:
இன்று சித்தப்பாவிடமே கேட்டேன். கதையைச் சொல்லச் சொன்னார். எரிந்த வண்டியிலிருந்து கூட்டாளிகளை எடுக்கும் இடம் வந்ததும் கையமர்த்தினார். “அவன் தூங்கினானா, அதைச் சொல்லு” என்றார். படத்தில் அது இல்லை என்றேன். சரி, வேண்டாம் என்று எழுந்து போய்விட்டார்.

இரவுப்பணி:
கேட்டது நல்லது. இப்போது எப்படித் தூங்குகிறார் என்று நாளைக்கு அவரிடமே விசாரியுங்கள்.