28-70 லென்ஸுக்கு அடுத்து 50ஆ 85ஆ?

கேள்வி:
ஃபுல் ஃப்ரேம் (பெரிய சென்சார்) மிரர்லெஸ் கேமரா வாங்கி ஒரு வருஷம் ஆச்சு, கூட வந்த 28-70 எம்எம் எஃப்3.5-5.6 ஜூம் லென்ஸ் (எஃப் எண் சின்னதா இருந்தா லென்ஸ் பெருசா திறக்கும்) மட்டும்தான் கைல இருக்கு. பகல்ல குறையே இல்ல, ஆனா ராத்திரி வீட்டுக்குள்ள பொண்ண எடுத்தா 70ல 5.6க்கு மேல திறக்காது, ஐஎஸ்ஓ (வெளிச்சத்துக்கான உணர்திறன் அளவு) 12800க்கு ஏறி கன்னமெல்லாம் மணல் தூவின மாதிரி ஆயிடுது. இப்போதைக்கு ஒரே ஒரு லென்ஸ்தான் முடியும். 50 எஃப்1.8ஆ, 85 எஃப்1.8ஆ?

பதில் 1:
உங்க பிரச்சனை தூரம் இல்ல, வெளிச்சம். 5.6லேர்ந்து 1.8க்கு வந்தா கிட்டத்தட்ட 10 மடங்கு வெளிச்சம் உள்ள வரும், அதே படம் ஐஎஸ்ஓ 1250, 1600லயே கிடைச்சிடும். வீட்டுக்குள்ளனா 50தான். 85 மாட்டிட்டு முழு உருவம் வேணும்னு பின்னாடி போய்ப்போய் என் முதுகு சுவத்துல முட்டினதுதான் மிச்சம், 80 சென்டிமீட்டருக்குள்ள வந்தா ஃபோகஸும் ஆகல.

பதில் 2:
முகம் மட்டும்னா 85 அழகே தனி ப்ரோ. 50ல முகம் ஃப்ரேம் நிறையணும்னு கிட்ட போனா மூக்கு பெருசா விழும். பழைய படங்களோட எக்ஸிஃப்ல (படத்தோட சேந்து பதிவாகற கேமரா விவரம்) எத்தனை எம்எம்ல எடுத்திருக்கீங்கன்னு பாருங்க, அதுவே சொல்லிடும். இன்னொன்னு, கிட்டக்க 1.8ல ஒரு கண்ணு ஷார்ப்பா இருந்தா மறு கண்ணு கரைஞ்சிடும், 2.8 வைங்க. ஓடற குழந்தைக்கு ஷட்டர் வேகத்த 1/250 செகண்டுக்கு கீழ இறக்காதீங்க.

பதில் 3:
50 வாங்கிட்டு கிராப் மோட் (சென்சாரோட நடுப்பகுதிய மட்டும் எடுக்கறது) போட்டா 75 மாதிரி கிடைக்கும், 24 மெகாபிக்சல்னா 10 சொச்சம்தான் மிஞ்சும், ஆல்பத்துக்கு தாராளம்.

கேள்வி கேட்டவர்:
எக்ஸிஃப் பாத்தேன், வீட்டுக்குள்ள எடுத்ததுல பாதிக்கு மேல 45-55க்குள்ளதான். 50யே எடுத்துடறேன், ரொம்ப நன்றி!