மறு: ஆளியின் (ஆய்ஸ்டர் என்னும் சிப்பியின்) ஒட்டிய பருவத்துக்குச் சொல்

> ‘சிப்பிக்குஞ்சு’ என்றே வைத்துவிடலாமே, எல்லாருக்கும் புரியும்.

புரியும் ஐயா, ஆனால் எதைப் புரிந்துகொள்வார்கள்? முட்டையிலிருந்து வந்து நீரில் மிதந்து திரியும் குடம்பியும் குஞ்சுதான், பாறையில் ஒட்டிக்கொண்டதும் குஞ்சுதான். நம் கலைச்சொல் பட்டியலுக்குத் தமிழ் வேண்டிய ‘ஸ்பாட்’ (spat) இரண்டாவது மட்டும். ஆளியின் வாழ்க்கை அந்த இடத்தில்தான் இரண்டாகப் பிரிகிறது. இரண்டு மூன்று வாரம் அலைந்தபின் அதற்குக் கண்போல ஒரு கரும்பொட்டும் குட்டிக் கால் ஒன்றும் வரும், அந்தக் காலால் தடவித் தடவி இடம் பார்த்து, பெரும்பாலும் பெரிய ஆளிகளின் ஓடு இருக்கிற இடமாகப் பார்த்து, பிடித்துப்போனால் பசையைச் சுரந்து இடது ஓட்டை ஒட்டிவிடும். அப்புறம் காலும் மறைந்துவிடும், சாகும்வரை அதே இடம். ஒட்டும்போது அதன் அளவு ஒரு மில்லிமீட்டரில் சுமார் மூன்றில் ஒரு பங்கு.

‘ஒட்டுச்சிப்பி’ என்று இன்னொருவர் எழுதியிருந்தார். கிழட்டு ஆளியும் ஒட்டிக்கொண்டுதானே இருக்கிறது? போதாததற்கு ஒட்டுண்ணி ஞாபகம் வேறு வரும்.

என் சொல் ‘ஆளிப்புள்ளி’. ஓட்டின்மேல் பார்த்தால் புள்ளியாகத்தான் தெரியும் என்பது ஒரு காரணம். இன்னொன்று எங்கள் காரைக்குடிப் பக்கத்துக் கணக்கு. நகரத்தாரில் கல்யாணம் ஆன ஜோடிதான் ஒரு புள்ளி. அதுவரை எவ்வளவு பெரிய ஆளாக இருந்தாலும் புள்ளிக்கணக்கில் வராது. அலைந்தது போதும் என்று ஓரிடத்தில் குடி அமர்ந்தால்தான் எண்ணிக்கை, ஆளிக்கும் அதே. இதெல்லாம் அலங்காரம் என்று தள்ளினாலும் சரி, ‘ஸ்பாட்ஃபால்’ (குடம்பிகள் திரளாக வந்து ஒட்டுவது) என்பதற்கு வினையோடு ஒரு சொல் வேண்டுமே: “இந்த வருஷம் ஓட்டில் நன்றாகப் புள்ளி விழுந்திருக்கிறது.” குஞ்சு விழுந்தது என்றால் காக்காய்க் கூட்டைத்தான் தேடுவோம்.

விழுவதற்கு ஓடு வேண்டும், அங்கேதான் நம் ஊரும் மாட்டிக்கொள்கிறது. தூத்துக்குடி ஆளி வளர்ப்பில் கூரை ஓட்டுக்குச் சுண்ணாம்பு பூசிக் கடலில் இறக்கினார்கள், புள்ளி விழுந்து வளர்ந்தபின் ஆளியின் ஓடு உடையாமல் சுரண்டி எடுக்க அந்தப் பூச்சு உதவும். செட்டிநாட்டு வீட்டுச் சுவர் பளபளப்பதும் கிளிஞ்சல் சுண்ணாம்பால்தான். ஆனால் சுண்ணாம்புக்காகக் காளவாயில் வெந்த சிப்பி ஓடு கடலுக்குத் திரும்புவதில்லை. கழிமுகத்து ஆளி ஓட்டை மொத்தமாக அள்ளினால் அடுத்த தலைமுறை எதில் உட்காரும்? ஓட்டின்மேல் ஓடு ஏறித்தான் மேடு உண்டாகிறது, நண்டும் மீன்குஞ்சும் ஒளிய இடம் அதுதான், கரையில் மோதும் அலையின் வேகமும் அதில் குறைகிறது. அமெரிக்கக் கீழைக்கரை ஆளி ஒன்று நல்ல சூழலில் ஒரு நாளைக்கு 190 லிட்டர் வரை நீரை வடிகட்டும் என்பார்கள்.

அந்த மேட்டுக்கு ‘ஆளித்திட்டு’ என்று பட்டியலில் இருப்பதையும் மாற்ற வேண்டும். மன்னார் வளைகுடாவில் முத்துக் குளித்தவர்கள் சிப்பி விளையும் இடத்தைப் ‘பார்’ என்றுதான் சொன்னார்கள். ‘ஆளிப்பார்’ இருக்கையில் திட்டு எதற்கு? அதற்குத் தனி இழை தொடங்குகிறேன், இங்கே புள்ளியை மட்டும் முடிப்போம்.