மறு: ஃபிளாட் லேப் – ‘தட்டுச்சாணை’ சரிவருமா?

அன்புள்ள நண்பர்களுக்கு,

‘ஃபிளாட் லேப்’ என்கிற கல் தேய்க்கும் பொறிக்குத் தமிழில் ‘தட்டுச்சாணை’ என்று சொல்லலாமா என்று ஒரே ஒரு சொல் கேட்டேன், அதற்கு இத்தனை மடல் வரும் என்று நினைக்கவில்லை. பதில் தாமதமானதற்குக் காரணம் பெல்ட் அறுந்ததுதான். வேறு பெல்ட் வாங்கக் கும்பகோணம் போய் வந்தேன். இப்போது பொறி ஓடுகிறது. பெயர்தான் பாக்கி.

புதிதாகச் சேர்ந்தவர்களுக்காகப் பொருள் என்னவென்று மறுபடி சொல்லிவிடுகிறேன். எட்டு அங்குல வட்டத் தட்டு, நிமிர்ந்த அச்சின் தலையில் படுக்கையாக உட்கார்ந்து சுற்றும். அதன் மேல்முகத்தில் வைரத்தூள் பதித்த தகடு ஒட்டியிருக்கும். தண்ணீர் சொட்டுச் சொட்டாக விழ, கல்லை அந்த முகத்தில் வைத்து அழுத்தினால் தேய்ந்து சமதளமாகும். சொரசொரப்பான 80 நம்பரில் தொடங்கி 180, 360, 600, 1200, 3000 என்று மேலும் மேலும் நுண்ணிய தகடாக மாற்றிக்கொண்டே போய், கடைசியில் கம்பளி ஒட்டிய தட்டில் சீரியம் ஆக்சைடு என்ற மெருகுப் பொடியைக் குழைத்துத் தடவித் தேய்த்தால் படிகக்கல் கண்ணாடி மாதிரி ஆகிவிடும்.

என்னுடையதில் இருப்பது பழைய இரும்புக் கடையில் பிடித்த கால் குதிரைத்திறன் மோட்டார், 1440 சுற்று. மோட்டாரில் 2 அங்குலப் புல்லி, தட்டின் அச்சில் 4 அங்குலப் புல்லி, ஆக நிமிடத்துக்கு 720 சுற்று. தண்ணீருக்கு மருந்துக்கடை டிரிப் செட். சுற்றிலும் பிளாஸ்டிக் பேசின். பேசின் நடுவே ஓட்டை போட்டு, பேரிங்குக்குள் தண்ணீர் இறங்காதபடி ஒரு குழாய்த் துண்டை வரப்பு போல நிறுத்தியிருக்கிறேன். தண்ணீரும் மின்சாரமும் பக்கத்தில் பக்கத்தில் இருப்பதால் மின்சாரம் கசிந்தால் தானே துண்டிக்கிற 30 மில்லி ஆம்பியர் பிரேக்கர் போட்ட பிறகுதான் வீட்டில் ஓட்ட விட்டார்கள். தண்ணீர் இல்லாமல் ஓட்டலாமா என்று ஒருவர் கேட்டிருந்தார். கூடாது. படிகக்கல் தூசி நுரையீரலில் போய்த் தங்கினால் திரும்பி வராது.

சரி, நீங்கள் எழுதிய சொற்களுக்கு ஒவ்வொன்றாக வருவோம்.

> ‘கல்மெருகி’ என்றால் என்ன குறை?

மெருகு கடைசிக் கட்டத்தில்தான் வரும். 80 நம்பர் தகட்டில் வைத்த கல் முதலில் இருந்ததைவிட அசிங்கமாகத்தான் வெளியே வரும். பாதிக்கு மேல் வேலை அந்தக் கட்டத்தில்தான்.

> ‘கல்சாணை’ போதுமே. சின்னச் சொல், எல்லாருக்கும் புரியும்.

புரியும், வேறொன்றாகப் புரியும். சாணைக்கல் என்று ஏற்கெனவே ஒன்று இருக்கிறது. கல்சாணை என்றால் கல்லால் செய்த சாணை என்றுதான் யாரும் எடுத்துக்கொள்வார்கள்.

> ‘தீட்டுப்பொறி’

உண்மையில் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். எங்கள் பக்கத்தில் தீட்டு என்றால் முதலில் அரிசி. தீட்டிய அரிசி, தீட்டாத அரிசி என்று ரைஸ்மில்லில் அன்றாடம் புழங்குகிற வினை. தவிட்டைத் தேய்த்து எடுப்பதும் அதுதான், வெளுப்பும் பளபளப்பும் ஏற்றுவதும் அதுதான். கத்தியைத் தீட்டுகிறோம், கல்லுக்குப் பட்டை தீட்டுகிறோம். தேய்ப்பு, மெருகு இரண்டையும் ஒரே வினை சுமக்கிறது. அந்த மகிழ்ச்சியில் ஒரு அட்டையில் ‘தீட்டுப்பொறி’ என்று எழுதிக் கொட்டகை வாசலில் மாட்டினேன். அம்மா பார்த்துவிட்டு, “யாருக்குடா தீட்டு?” என்றார். அட்டையைக் கழற்றிவிட்டேன். வினையாக வைத்துக்கொள்வோம், பெயருக்கு வேண்டாம்.

> மதுரைக்காஞ்சியில் ‘திருமணி குயினரும்’ என்று வருகிறதே, ‘குயினி’ என்று ஆக்கினால்?

அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் குயிலுதல் என்பது துளையிடுதல். அவர்கள் மணியில் துளை போட்டவர்கள். மணி துளைக்கும் நுண்பொறிக்கு யாராவது பெயர் தேடினால் அப்போது கொடுக்கலாம், இதில் செலவழிக்க வேண்டாம்.

> ‘கிடைச்சாணை’. தட்டு கிடையாக இருக்கிறது, வேறென்ன வேண்டும்?

கரூர் ஐயாவின் இந்தச் சொல்லோடுதான் உண்மையான போட்டி. ஒரு நாள் முழுக்க நானும் இதையே சொல்லிப் பார்த்தேன். ஆனால் தட்டு கிடையாக இருப்பது ஒரு வசதிக்காக. இதே தட்டைச் சாய்த்தும் வைக்கலாம், நிமிர்த்தியும் வைக்கலாம், வேலை மாறாது. மாறக்கூடாதது வேறு. தெருவில் சைக்கிளில் சாணை பிடிக்க வருகிறவரின் சக்கரத்தில் கத்தி தொடுவது விளிம்பை. இங்கே கல் தொடுவது முகத்தை. விளிம்பில் வைத்தால் கல்லில் குழிவு விழும், முகத்தில் வைத்தால்தான் மட்டம் கிடைக்கும்.

இந்த வேறுபாட்டை நான் காசு கொடுத்துக் கற்றுக்கொண்டேன். விளிம்பு எங்கே தொட்டாலும் ஒரே வேகம். முகத்தில் அப்படி இல்லை. என் தட்டின் ஓரத்தில் வேகம் நொடிக்கு ஏழரை மீட்டருக்குக் கொஞ்சம் மேல், நட்டநடுவில் பூஜ்யம். கல்லை ஒரே வாக்கில் பிடித்தால் வெளிப்பக்கம் இருப்பது சீக்கிரம் தேயும். என் முதல் கல் ஆப்பு மாதிரி ஒரு பக்கம் தடித்து, ஒரு பக்கம் மெலிந்து வந்தது. கையில் கல்லைத் திருப்பிக்கொண்டே, உள்ளும் வெளியுமாக நகர்த்த வேண்டும். ஆக இந்தப் பொறியின் நல்லது கெட்டது எல்லாம் தட்டின் முகத்தில்தான் இருக்கிறது. பெயரும் அங்கேதான் கை காட்ட வேண்டும்.

‘தட்டுச்சாணை’ நான் யோசித்துக் கண்டுபிடித்ததும் இல்லை. அலுமினியத் தட்டில் ஆட்டம் இருந்தது. நாச்சியார்கோயில் பக்கம் குத்துவிளக்குக் கடைசல் பிடிக்கிற ஒரு பட்டறைக்குக் கொண்டுபோனேன். எதற்கு என்று கேட்டார், விளக்கினேன். “சாணைதான். சக்கரத்துக்குப் பதிலா தட்டுல பிடிக்கிறீங்க” என்று சொல்லிவிட்டுத் தட்டைக் கடைசலில் மாட்டிவிட்டார். இதைவிடச் சுருக்கமான வரையறை எனக்கு வரவில்லை.

> ‘சாணை’ வடசொல். கலைச்சொல் ஆக்கும்போதாவது பார்த்துச் செய்ய வேண்டாமா?

வடமொழி ‘சாண’த்திலிருந்து வந்தது என்பதை மறுக்கவில்லை. அதே துறையில் ஆங்கிலக்காரர்கள் ‘கொரண்டம்’ என்று எழுதுகிறார்களே, அது நம் குருந்தம். வைரத்துக்கு அடுத்த கடினம் உள்ள கல்லுக்குத் தமிழ்ப்பெயரை வைத்துக்கொண்டு அவர்கள் கூச்சப்படவில்லை. ‘சாணை பிடிக்கிறதூ’ என்ற கூவலைக் கேட்டு வளர்ந்தவனுக்குத் ‘தேய்வை’ என்று மாற்றிக் கொடுத்தால் சந்தனக்கல்தான் நினைவுக்கு வரும்.

அப்புறம், மோட்டார் பட்டறையில் வால்வை உட்கார வைக்கப் பசை தடவித் தேய்க்கிறார்களே, அதற்கும் லேப்பிங் என்றுதான் பெயர், ஒரே சொல் இரண்டுக்கும் பொருந்துமா என்று சிங்கப்பூரிலிருந்து அக்கா கேட்டிருந்தார். பொருந்தாது. அங்கே சுற்றும் தட்டே இல்லை. அதைத் தனி இழையில் பேசுவோம்.

ஆனால் அந்தக் கேள்வியால் இன்னொரு சொல் கிடைத்தது. வைரத் தகடு வாங்க வசதியில்லாதவர்கள் வார்ப்பிரும்புத் தட்டில் சிலிக்கான் கார்பைடை உதிரியாகத் தூவித் தேய்ப்பார்கள். அந்த உதிரிக்கு ‘குருணை’ என்று சொன்னால் என்ன? உடைந்த அரிசி மாதிரிதான் இருக்கிறது, அதே போலச் சலித்துத்தான் பிரிக்கிறார்கள். 80 என்றால் சல்லடையில் ஓர் அங்குலத்துக்கு 80 கண். எண் ஏற ஏறக் குருணை பொடியாவது ஏன் என்று புதியவர்கள் குழம்புவார்கள். சல்லடை என்று சொன்னதும் குழப்பம் போய்விடும். மிக நுண்ணிய பொடிகளைச் சலிக்க முடியாது. தண்ணீரில் கலக்கி, எது எவ்வளவு நேரத்தில் படிகிறது என்பதை வைத்துப் பிரிப்பார்கள். ஆற்றில் மணல் முதலில் படிந்து வண்டல் கடைசியில் படிகிற கணக்குத்தான். கடையில் உப்புத்தாள் வாங்கும்போது ‘நம்பர்’ என்று கேட்பதை யாரும் நிறுத்தப் போவதில்லை, எழுத்தில் ‘சல்லடை எண்’ இருக்கட்டும்.

ஒரு எச்சரிக்கை. ஒரு கட்டத்துக்கும் அடுத்ததற்கும் நடுவே கல், கை, பேசின் மூன்றையும் கழுவுங்கள். 80 நம்பர் குருணை ஒன்றே ஒன்று கம்பளியில் ஒட்டிக்கொண்டு, நான்கு மணி நேர வேலையில் நிலாக்கீற்று மாதிரி ஒரு கோடு போட்டுவிட்டது.

அந்தக் கல் தஞ்சாவூருக்குப் பக்கத்து வல்லத்துக் கல். வண்டல் பூமியில் உங்களுக்குக் கல் ஏது என்று கேட்டவருக்கு இதுதான் பதில். தஞ்சைப் பெரிய கோயிலுக்கே கல் வெளியிலிருந்துதான் வந்தது, உண்மை. ஆனால் டெல்டாவின் மேற்கு ஓரத்தில் வல்லத்துச் செம்மண் மேட்டில் படிகக்கல் கிடைக்கும். ஒரு காலத்தில் தஞ்சாவூரில் அதைத் தேய்த்து மூக்குக்கண்ணாடி வில்லை செய்தார்கள். அவர்கள் தங்கள் சாணையை என்னவென்று அழைத்தார்கள் என்பது யாருக்காவது வீட்டுப் பெரியவர்கள் வழியாகத் தெரிந்தால் எழுதுங்கள். இருந்தால் என் சொல்லைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன்.

இல்லாவிட்டால் இப்படி: பொறி தட்டுச்சாணை, சுற்றுவது தட்டு, அதன்மேல் ஒட்டுவது தகடு, உதிரி குருணை, வினை தீட்டுதல். ‘தட்டு’, ‘தகடு’ இரண்டும் கேட்க ஒன்று போல இருப்பதாக அச்சம் இருந்தால் இப்போதே சொல்லிவிடுங்கள். செய்முறைக் குறிப்பை ஞாயிற்றுக்கிழமை இங்கே ஏற்றுகிறேன். அதற்கு மேல் படங்களில் பெயர் மாற்ற எனக்குப் பொறுமை இல்லை.

அன்புடன்,
குடமுருட்டிக் கரையிலிருந்து